தொண்ணூற்றாறாவது சென்டிமீட்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு என்னால் முடியாமல் போகலாம். ஒரு சல்லடையிலிருந்து வந்தது. நேருக்கு நேர் நின்று சொல்ல வாய் வராத ஒரு விஷயம் மூன்று நாளாகத் தொண்டையில் நிற்கிறது. கதையாக எழுதினால் பாதி சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. கோழை என்று திட்டுகிறவர்கள் இப்போதே திட்டிவிடுங்கள். நடுவில் திட்டினால் கை தடுமாறும்.

என் பெயர் பழமலைநாதன். விருத்தாசலத்தில் ஒரு செராமிக் கம்பெனியில் கிளேஸ் கலக்குகிறேன். டீக்கப்புக்கும் பொம்மைக்கும் மேலே பளபளவென்று ஒரு பூச்சு இருக்கிறதே, அதுதான் கிளேஸ். கண்ணாடியை மாவாக அரைத்து, இன்னும் சில தூள்களைச் சேர்த்துத் தண்ணீரில் கரைத்து, வடிகட்டிப் பூச வேண்டும். சூளையில் உருகி ஒட்டிக்கொள்ளும். பதினெட்டு வருடமாக இதே வேலை. மிச்ச நேரத்தில் கதை எழுதுகிறேன். பதினொரு கதைகள் அச்சில் வந்திருக்கின்றன. என் மனைவி கயல்விழி அதில் இரண்டைப் படித்தாள்.

"உங்க கதையில பொம்பளைங்க எல்லாம் ஏங்க அழுதுகிட்டே இருக்காங்க? ஒருத்திக்கும் வேலவெட்டி கெடையாதா?" என்று கேட்டாள். மூன்றாவதைத் தொடவில்லை.

இந்தக் கதையில் வருகிறவளுக்கு வேலை இருக்கிறது. அவள் ஏரிச் சேற்றைப் படிக்கிறாள். ஆறு வருடமாகப் படிக்கிறாள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"1815-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், கடல் தாண்டி வெகுதூரத்தில் தம்போரா என்ற மலை வெடித்தபோது, விருத்தாசலத்தில் ஒரு பெண்"

(நிறுத்திவிட்டேன். அந்தப் பெண் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? "அழுதுகொண்டிருந்தாள்" என்று எழுதக் கை போகிறது. சனியன் பிடித்த கை.)

இரண்டாம் முயற்சி:

"ஏரி என்பது காலத்தின்"

(ஏரி என்பது ஏரி. இதைக் கயல் பார்த்தால் காகிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவாள்.)

மூன்றாம் முயற்சி:

"எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் தயிர் கிடையாது."

இது நிற்கும். ஏனென்றால் உண்மை. எங்கள் ஃப்ரிட்ஜில் தட்டுகளை எல்லாம் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் தாள் சுற்றிய சேற்றை இரண்டு துண்டாகச் சாய்த்து வைத்திருக்கிறோம். மொத்தம் நூற்று நாற்பது சென்டிமீட்டர். முந்நூறு வருடத்துச் சேறு. எட்டு மாதமாகத் தயிரைப் பக்கத்து வீட்டில்தான் வாங்குகிறோம். அந்தம்மா ஒவ்வொரு தடவையும், "அந்த மண்ண எப்பதான் வெளிய எடுப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே ஊற்றுகிறார்.

சேறு திட்டக்குடிக்கும் எங்கள் மாவட்டத்து மங்களூருக்கும் நடுவே உள்ள ஓர் ஏரியிலிருந்து வந்தது. ஏரியின் பெயரை மாற்றி வெண்ணேரி என்று வைத்துக்கொள்கிறேன். அந்தப் பக்கம் சித்திரையில் ஏரி காய்ந்ததும் வண்டலை டிராக்டரில் அள்ளி வயலுக்குப் போடுவார்கள். அள்ளிய இடத்தில் படிக்க எதுவும் மிஞ்சாது. ஆனால் வெண்ணேரியின் நடு மடுவில் மட்டும் யாரும் மண்வெட்டி வைப்பதில்லை. ஏன் என்று கயல் அந்த ஊர்க்காரர் கலியமூர்த்தியிடம் கேட்டாள்.

"அங்க வெக்க மாட்டோம்மா."

"அதான் ஏங்க?"

"வெக்க மாட்டோம்."

காரணம் அவ்வளவுதான். அதற்காக அவரைக் கும்பிட வேண்டும் என்றாள் கயல்.

போன ஆவணியில், நாலு டிரம்மைச் சேர்த்துக் கட்டி மிதக்கவிட்டு, அதன்மேல் நின்றுகொண்டு நாலங்குல பிவிசி பைப்பைச் சேற்றுக்குள் இறக்கினோம். காத்தவராயன்* சம்மட்டியால் அடித்தான். நான் பைப்பைப் பிடித்தேன். கயல் இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "நேரா புடிங்க, நேரா புடிங்க" என்று கத்திக்கொண்டே இருந்தாள். பதினாறு வருடக் கல்யாணத்தில் அவ்வளவு சந்தோஷமாக அவள் என்னைத் திட்டி நான் கேட்டதில்லை.

* எங்கள் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். இவனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இவனுக்கு ஓர் அநியாயம் செய்யப்போகிறேன்.

3

(இந்தப் பகுதி கொஞ்சம் பாடம் மாதிரி இருக்கும். தாண்டிவிடாதீர்கள், இதில்தான் எல்லாம் மாட்டிக்கொண்டிருக்கிறது.)

கயல் கம்மாபுரம் பக்கத்துப் பெண். அவள் பிறந்த வீடு இருந்த இடம் இன்று நிலக்கரிச் சுரங்கப் பள்ளம். பள்ளிக்கூடம் போகும்போது பஸ்ஸுக்கு நிற்கிற இடத்திலிருந்து அந்தப் பள்ளத்தின் சுவர் தெரியுமாம், செம்மண், வெள்ளைக் களி, கருப்பு என்று வரிவரியாக. "எங்க வூடு போன துக்கத்துல அம்மா அந்தப் பக்கமே பாக்க மாட்டாங்க. நான் பாத்துக்கிட்டே நிப்பேன். கீழ எவ்ளோ இருக்குது பாருன்னு இருக்கும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். மண்ணியல் படித்து, கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகி, முப்பத்திரண்டு வயதில் முனைவர் பட்டத்துக்குப் பதிந்தாள். இப்போது முப்பத்தெட்டு.

அந்தப் பைப்பை நெட்டுவாக்கில் இரண்டாக அறுத்துத் திறந்தோம். ஒரு பாதியைக் கயல் சென்டிமீட்டருக்கு ஒன்றாக வெட்டிப் பைகளில் போட்டாள், மறுபாதிதான் ஃப்ரிட்ஜில் இருப்பது. நல்ல மழை பெய்த வருடங்கள் மெல்லிய களியாக இருந்தன. வெள்ளம் வந்த வருடம் ஒரு மணல் கோடு. ஏரி காய்ந்து பாளம் பாளமாக வெடித்த வருடங்களில் அந்த வெடிப்புகூட அப்படியே இருந்தது, மேலே வந்த மண் அதில் இறங்கி நிரம்பியிருந்தது. கயல் விரலை ஒரு முழம் நகர்த்தி, "இங்க நம்ம தாத்தனுக்குத் தாத்தன் இருக்காரு" என்றாள்.

எந்தக் கோடு எந்த வருடம் என்பதில்தான் சிக்கல். கார்பன் கணக்கு ஐம்பது வருடம் முன்பின் சொல்லும். ஆனால் எரிமலை வெடித்தால் சாம்பலோடு கண்ணுக்குத் தெரியாத கண்ணாடித் துணுக்குகளும் காற்றில் ஏறும். ஏரியில் விழுந்தால் அந்த வருடத்துச் சேற்றிலேயே தங்கிவிடும். தம்போரா எந்த மாதம் வெடித்தது என்பதுகூட உலகத்துக்குத் தெரியும். அந்தத் துணுக்கு ஒன்று கிடைத்தால் போதும், அந்த அடுக்குக்கு ஆணி அடித்த மாதிரி வருடம் கிடைத்துவிடும். அதிலிருந்து மேலும் கீழும் எண்ணிக்கொள்ளலாம். தம்போராவின் தூள் நம் பக்கம் வந்து விழுந்ததா என்று கயலுக்குத் தெரிந்து யாரும் கண்டதில்லை. அவள் கணக்குப்படி, விழுந்திருந்தால் தொண்ணூற்றாறாவது சென்டிமீட்டரை ஒட்டி இருக்க வேண்டும்.

கிடைத்துவிட்டது.

தொண்ணூற்றாறு முதல் தொண்ணூற்றொன்பது வரை, நாலு பைச் சேற்றிலும் கண்ணாடித் துணுக்குகள். இருபத்து மூன்று. அவளுடைய கைடு பானுமதி மேடம் போனிலேயே கத்தினார்கள். வரும் வெள்ளிக்கிழமை பல்கலைக்கழகக் கருத்தரங்கில் கயல் இதைப் பேசப்போகிறாள். வெளியூர்ப் பேராசிரியர்கள் எல்லாம் வருகிறார்கள். இதற்கென்று ஒரு பட்டுப் புடவையை எடுத்து, அதிகமாக இருக்குமோ என்று உள்ளே வைத்து, மறுபடி எடுத்து வைத்திருக்கிறாள்.

அந்தக் கண்ணாடி எரிமலையிலிருந்து வரவில்லை. எங்கள் கிளேஸ் அறையிலிருந்து வந்தது. கயலுக்கு இது தெரியாது.

இன்று செவ்வாய்க்கிழமை.

4

இனி கதை.

கயலின் சல்லடை கிழிந்துபோயிற்று. ஒவ்வொரு பைச் சேற்றையும் மெல்லிய சல்லடையில் அலசி, தங்குவதைத்தான் மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். நாலு பை மட்டும் மிச்சம் இருந்த நேரம் பார்த்துச் சல்லடை கிழிந்தது. புதியது வரப் பத்து நாள் ஆகும். அப்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேன் டிரைவர் காத்தவராயன், படிப்பு வாசனை இல்லாத அப்பாவி, அண்ணிக்கு உதவுகிறேன் பேர்வழி என்று கம்பெனி கிளேஸ் அறையிலிருந்து ஒரு சல்லடையை எடுத்து, நாலு தடவை கழுவி

(இங்கே நிற்கிறேன். காத்தவராயன் மேல் சந்தேகம் வருகிறது. பாத்திரமாக அவன் சரியில்லை. அவன் சல்லடையைத் தொட மாட்டான். அவனுக்குக் கிளேஸ் தூள் பட்டால் தும்மல் வரும். வேனை விட்டு இறங்காமலே ஹாரன் அடிப்பான்.)

5

மேலே எழுதியதை இன்று மதியம் டீக்கடையில் காத்தவராயனிடம் படித்துக் காட்டினேன். அவன் பஜ்ஜியைக் கீழே வைத்தான்.

"அண்ணே, நானா கழுவுனேன்?"

"கதைடா."

"கதைன்னா என் பேர ஏன்ணே போட்ட? படிப்பு வாசனை இல்லாதவனாம்ல. பத்தாவது பாஸ்ணே நானு. அன்னிக்கு ஞாயித்துக்கெழம, நான் எங்க மச்சான் வூட்டு காதுகுத்துக்குப் போயிருந்தேன். போட்டோ காட்டட்டா?"

"வேண்டாம்."

"அப்ப யாரு கழுவுனா?"

நான் டீயைக் குடித்தேன். சூடு நாக்கில் பட்டது.

"ஐயையோ, நீதானா?" என்றான். பிறகு, "அண்ணி அன்னிக்கு ஏரியில நின்னாங்க பாரு, அட்ட கடிச்சி ரத்தம் ஒழுவுது, அதக் கூடப் பாக்கல அவங்க. சொல்லிடுண்ணே. அம்மாம் பெரிய எடத்துல நின்னு பேசி, அப்பறம் எவனாவது வெளியூரான் வந்து இது டீக்கப்பு பூச்சும்மான்னு சொன்னா, தாங்குவாங்களா?" என்றான்.

பஜ்ஜியை அவன் மறுபடி எடுக்கவே இல்லை.

6

சரி. நான்தான்.

அன்று கயலுக்கு நல்ல காய்ச்சல். படுத்துக்கொண்டே, "நாலே நாலு பைங்க, நாளைக்கி மேடத்துகிட்ட ஸ்லைடு குடுக்கணும்" என்று புலம்பிக்கொண்டிருந்தாள். நான் கம்பெனிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை, ஆள் இல்லை. கிளேஸ் வடிகட்டும் சல்லடைகளில் ஆகச் சன்னமானதை எடுத்தேன். ஏழு தடவை கழுவினேன். எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு: கழுவுகிற தண்ணீர் தெளிந்து வந்தால் சல்லடை சுத்தம். வெள்ளைக் கிளேஸ் வடிகட்டிய சல்லடையில் நீலம் வடிகட்டலாம், ஒரு புள்ளி விழாது. பதினெட்டு வருடத்தில் இந்த விதி என்னைக் கைவிட்டதில்லை. ஏழாவது தடவை தண்ணீர் குடிக்கிற தண்ணீர் மாதிரி வந்தது.

வீட்டுக்கு வந்து, அவள் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் பழகிய மாதிரியே நாலு பையையும் அலசி, கிண்ணத்தில் எண் எழுதி வைத்தேன். சட்டைகூட மாற்றவில்லை, கம்பெனிச் சட்டைதான். கயல் எழுந்து வந்து பார்த்தாள்.

"சல்லட ஏதுங்க?"

"காலேஜ் லேப்ல பாரதி சார்கிட்டக் கேட்டு வாங்கியாந்தேன்" என்றேன்.

இந்தப் பொய் எதற்கு என்று நீங்கள் கேட்பீர்கள். கம்பெனிச் சல்லடை என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்று தெரியும். அப்படியென்றால் எனக்கு அப்போதே தெரிந்திருக்கிறது, இல்லையா? இந்த வரியை எழுதும்போதுதான் இது எனக்கே உறைக்கிறது. நான் உதவி செய்ய ஆசைப்பட்டேன். அதைவிட, உதவி செய்தவன் என்று அவளிடம் பேர் வாங்க ஆசைப்பட்டேன்.

"நாலயும் நீங்களேவா அலசினீங்க?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். (மன்னிக்கவும். இந்த ஓர் இடத்தில் மட்டும்.)

போன சனிக்கிழமை என்னைக் கல்லூரிக்கு வரச்சொன்னாள். "நம்ம வூட்டு ஆளு மொதல்ல பாக்கணும்" என்று மைக்ராஸ்கோப் முன்னால் உட்காரவைத்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கூரான, தெளிந்த சில்லுகள். வளைவே இல்லை. "எரிமலைக் கண்ணாடின்னா கொப்புளம் வெடிச்ச மாதிரி வளைவா இருக்கணும், இது கொஞ்சம் வேற மாதிரிதான் இருக்குது, ஆனா இப்படியும் வரும்னு மேடம் சொல்றாங்க" என்று என் தோள்மேல் கையை வைத்துக்கொண்டு சொன்னாள். பதினெட்டு வருடம் கையில் உருட்டிய தூள். எனக்கு அதன் முகம் தெரியாதா?

"எப்படி இருக்குது?" என்றாள்.

"அழகா இருக்குது" என்றேன். பஸ் ஸ்டாண்டு வரை ஒரு வார்த்தை பேசாமல் நடந்தேன். நான் நெகிழ்ந்துபோனேன் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

7

வாசகர்களே, மூன்று முடிவுகள் கைவசம் இருக்கின்றன.

முதல் முடிவு. நான் சொல்லவில்லை. கயல் வெள்ளிக்கிழமை பேசுகிறாள். கைதட்டல். அப்புறம் அந்தச் சில்லுகளை வேறொரு இயந்திரத்தில் வைக்கிறார்கள். துத்தநாகம் என்று காட்டுகிறது. எங்கள் கிளேஸில் துத்தநாகம் உண்டு, எந்த எரிமலையும் அவ்வளவு கக்காது. பட்டுப் புடவையில் அவள்

(முடியாது. இதை எழுத மாட்டேன்.)

இரண்டாம் முடிவு. எழுதுகிறவன் நான்தானே? ஒரே வரியில் அந்த இருபத்து மூன்று சில்லுகளையும் தம்போராவின் சில்லுகளாக மாற்றிவிடலாம். பேனாவுக்கு என்ன கேடு? கதைக்குள் எரிமலை வெடிக்கும், ஏரியில் விழும், என் மனைவி ஜெயிப்பாள். ஆனால் அது நான் கையில் சல்லடையோடு சொன்ன அதே பொய்தான். இரண்டாவது தடவை சொன்னால் கதை என்று பேர், அவ்வளவுதான் வித்தியாசம்.

மூன்றாம் முடிவு. நான் சொல்கிறேன். அவள் சிரித்து, "போங்க, எனக்கு அப்பவே தெரியும்" என்கிறாள்.

(இது என் பதினொரு கதைகளிலும் வருகிற மனைவி. என் வீட்டில் இருப்பவள் இப்படிச் சொல்ல மாட்டாள்.)

ஆகவே முடிவு இல்லை. நாளை காலை வேலைக்குப் போகும்போது இந்தக் காகிதங்களைச் சாப்பாட்டு மேசையில், அவள் மூக்குக்கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டுப் போவேன். இதை முதலில் படிக்கப்போவது நீங்கள் அல்ல. கயல், என்னுடைய மூன்றாவது கதையை நீ படிக்க வேண்டும். தப்பு என்னுடையது. நீ ஆறு வருடம் செய்த எதிலும் தப்பு இல்லை.

8

மேலே உள்ளதெல்லாம் செவ்வாய்க்கிழமை எழுதியது. இது வியாழக்கிழமை.

நேற்று மாலை ஐந்து மணிக்கு வேலை முடிந்து வந்தேன். முன்கதவு உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது. தட்டினேன்.

"கொல்லப்பக்கமா வாங்க" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. குரலில் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை.

கொல்லைக் குழாயடியில் துவைத்த லுங்கி, துண்டு, புது சோப்பு, சீயக்காய்ப் பொட்டலம். பக்கத்தில் இந்தக் காகிதங்கள், மேலே ஒரு கல். வரிக்கு வரி பென்சில். அவள் எழுதியதில் சிலவற்றை அப்படியே தருகிறேன்.

பைப்பின் நீளத்துக்கு எதிரே: "140 இல்ல, 138."

நாலாம் பகுதி முழுக்கக் குறுக்குக் கோடு. பக்கத்தில்: "பாவம் காத்தவராயன். வூட்டுக்குக் கூப்புட்டு சோறு போடணும்."

நான் மன்னிப்புக் கேட்ட இடத்தில்: "அழுவல. காய்ச்சல்ல மூக்கு ஒழுவுச்சி."

"அழகா இருக்குது" என்று நான் சொன்ன வரிக்குக் கீழே அழுத்தி ஒரு கோடு. எதுவும் எழுதவில்லை. அந்தக் கோடு அடுத்த காகிதத்திலும் பதிந்திருந்தது.

கடைசித் தாளின் பின்பக்கம்:

"மத்தியானம் படிச்சேன். ரெண்டு மணி நேரம் சும்மா உக்காந்திருந்தேன். வளைவு இல்லன்னு எனக்கே தோணிச்சி, நானும் ஆசைல வுட்டுட்டேன். அது என் தப்பு, அத நீங்க எடுத்துக்காதீங்க. மேடத்துக்குப் போன் பண்ணிட்டேன். வெள்ளிக்கெழம பேசுவேன், வறண்ட வருசங்களப் பத்தி. சல்லடயப் பத்தியும் சொல்லுவேன். யாரு சல்லடன்னும் சொல்லுவேன், நீங்க வந்து முன்னாடி உக்காரணும். பாரதி சார் பேரச் சொல்லி ஏமாத்துனீங்க பாருங்க, அதுக்குக் கோவம் இருக்குது. எவ்ளோன்னு இன்னும் தெரியல. புது சல்லட காலைல வந்துடுச்சி. ஃப்ரிட்ஜ்ல இருக்கற பாதிய இன்னிக்கி எடுக்கறேன், 96 லேர்ந்து 99. தூக்க ரெண்டு கை பத்தாது. குளிச்சிட்டு வாங்க. தலைக்கும் குளிங்க. அந்தச் சட்டையோட வூட்டுக்குள்ள கால வெக்காதீங்க."

அந்தப் பாதியில் என்ன இருந்தது என்று இப்போது எனக்குத் தெரியும். உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அது அவள் கண்டது, அவள்தான் சொல்ல வேண்டும். பொறுக்காதவர்கள் நீங்களே ஒரு முடிவு வைத்துக்கொள்ளுங்கள். எரிமலை வேண்டுமா வேண்டாமா என்பது உங்கள் பாடு. என் கதைக்கு நான் வைக்க உரிமையுள்ளது குழாயடி வரைதான்.

சட்டையைக் கழற்றி வேலியில் போட்டேன். சீயக்காய் தேய்த்தேன். தலையிலிருந்து வழிந்த தண்ணீர் முதலில் வெள்ளையாக ஓடியது. இத்தனை வருடம் இந்தத் தலையோடு அவள் பக்கத்தில் படுத்திருக்கிறேன். மூன்றாவது வாளியில் தெளிந்தது. துண்டை எடுத்தேன்.

கதவுக்குப் பின்னால் அவள் நின்றிருக்கிறாள் போல.

"தண்ணி தெளிஞ்சிடுச்சா?"

"தெளிஞ்சிடுச்சி கயலு."

"இன்னொரு தடவ ஊத்துங்க."

துண்டைக் கொடியில் போட்டுவிட்டு, வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.